மிட்டாய் தட்ட இரண்டு பேர்

கடலை மிட்டாய் தட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி சட்டியைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். இன்னொருத்தி பலகையில் விழுந்ததை அந்த நிமிஷமே பூரிக்கட்டையால் தேய்த்துப் பரத்த வேண்டும். சாய்க்கிறவளே தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாகு இறுகிவிடும். அதனால் கிறிஸ்துமஸ் வந்தால் நானும், செல்வி என்று நான் கூப்பிடுகிற செல்வலட்சுமியும் சேர்ந்துதான் செய்வோம். ஒரு வருஷமும் நான் அவளைக் கூப்பிட்டதில்லை, அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்பாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டாள்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு கிட்டங்கி ஒன்றில் எங்களுக்கு வேலை. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னாள். "ஏட்டி மாயம்மா, ஞாயித்துக்கிழமை மிட்டாய்க்கு வந்திரு. இசக்கியும் வாரேன்னு சொல்லுதா."

நாங்கள் செய்கிற மிட்டாய்க்கு என்னையே விருந்தாளி மாதிரி வரச் சொல்கிறாள். இசக்கி எங்களோடு புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"எங்க வச்சுச் செய்யுதிய?" என்றேன்.

"எங்க வீட்லதான். இசக்கி எங்க வீட்ல வச்சுச் செய்யலாம்னா. ஜன்னல் இருக்குல்லா, புகை போயிரும்."

இத்தனை வருஷம் என் வீட்டில் புகை எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. "மூணு பேரு எதுக்கு? நீங்க ரெண்டு பேருமே செய்யுங்க. எனக்குக் கையும் சரியில்ல" என்றேன். அவள் ஒரு தரம் வற்புறுத்துவாள் என்று இருந்தேன். அவள் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "சரிட்டி, உனக்கு முடியலேன்னா விடு" என்றாள்.

அந்த "விடு" அன்று முழுக்க என் காதில் இருந்தது.

இந்த மிட்டாய் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு எங்கள் லைன் வீட்டில் இருக்கிற தமிழாட்கள் எல்லாரும் தென்காசிப் பக்கம் பஸ் ஏறிவிடுவோம். வீட்டுக்காரி ரோசிலி சேச்சி கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார். பெருநாளைக்கு எங்கள் மேஸ்திரி யூசுப் இக்கா வீட்டிலிருந்து பிரியாணி வரும். வாங்கிக்கொண்டே இருக்க முடியுமா. திருப்பிக் கொடுக்க எங்களுக்கும் ஒரு நாள் வேண்டும். அதனால் கிறிஸ்துமஸையே எங்கள் நாளாகவும் வைத்துக்கொண்டோம். முதல் வருஷம் கடலை வாங்கப் போனது நான். வறுக்கிற வேலை மிச்சம் என்று தள்ளுவண்டியில் உப்புப் போட்டு வறுத்த கடலையை வாங்கி வந்துவிட்டேன். செல்வி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மிட்டாய்க்கு உப்புக்கடலையா வாங்குவாவ, கோட்டி." அந்த நேரத்துக்கு வேறு கடை திறந்திருக்கவில்லை. வெல்லப்பாகில் அதையே கொட்டினோம். மறுநாள் ரோசிலி சேச்சி காலித் தட்டோடு வந்து, இன்னும் உண்டா என்று கேட்டார். முதலில் இனிக்கும், கடிக்கும்போது உப்புத் தட்டும், திரும்ப ஒன்று எடுக்கத் தோன்றும். அதிலிருந்து எங்கள் மிட்டாய் உப்புக்கடலை மிட்டாய்தான். லைனில் எல்லாரும் டிசம்பர் பிறந்தாலே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தப்பு என்னுடையது. அந்த மிட்டாயும் என்னுடையதுதான் என்று ஒரு நினைப்பு எனக்கு.

இசக்கிக்கு முழுப்பேர் இசக்கிசெல்வி; இந்த மழைக்காலத்தில் வந்தவள். தூத்துக்குடிப் பக்கம். தம்பியோடு எங்கள் லைனில் கடைசி வீட்டில் இருக்கிறாள். வந்த அன்றே செல்வியை "அக்கா" என்றாள், என்னை "அத்தை" என்றாள். செல்வி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். "அது எப்படிளா அவ அக்கா, நான் அத்தை?" என்று ஒரு தடவை கேட்டேன். "தெரியல அத்தை. உங்க மூஞ்சியப் பாத்தா எங்க அத்தை மாதிரியே இருக்கு. அவளும் இப்படித்தான் முறைச்சுப் பாப்பா" என்றாள். செல்வி புரையேறச் சிரித்தாள்.

கிட்டங்கியில் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் பெரிய சல்லடை இருக்கிறது. அதற்கும் ஆள் இரண்டு. எதிரெதிராக நின்று இழுத்தும் தள்ளியும் ஆட்ட வேண்டும். சுக்குத் தூசு கண்ணை எரிக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். பேச்சுக் கேட்காது. கண்ணைப் பார்த்தே பேசிக்கொள்வோம். நானும் செல்வியும் அப்படித்தான் இத்தனை வருஷம் நின்றோம். மழைக்காலத்தில் எனக்கு வலது மணிக்கட்டு வீங்கி, ராத்திரி தூக்கமில்லாமல் போயிற்று. யூசுப் இக்காவிடம் சொன்னேன். "கை வய்யெங்கில், முடியலெங்கில், நீ பொறுக்க உட்காரு" என்றார். சாக்கு விரித்து உட்கார்ந்து சுக்கில் சொத்தை பொறுக்க ஆரம்பித்தேன். என் இடத்துக்கு இசக்கி வந்தாள்.

நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் செல்வியின் முகம் நேராகத் தெரியும். மூக்கில் துணி கட்டியிருந்தாலும் கண் சிரிப்பது தெரிந்துவிடும். எதிரில் நிற்கிற இசக்கி என்ன செய்து சிரிக்க வைக்கிறாள் என்று தெரியாது. அவள் முதுகு மட்டும்தான் எனக்கு. பொறுக்குகிற சுக்கில் நல்லதையும் சொத்தையையும் மாற்றிப் போட்டு இக்காவிடம் ஏச்சு வாங்கினேன். முன்னாலெல்லாம் செல்வி அவ்வளவு சிரிப்பாளா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சிரித்த மாதிரிதான் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இசக்கி என் வாசலுக்கு வந்தாள். "அத்தை, அந்தப் பெரிய இரும்புச்சட்டியத் தாங்களேன். செல்வியக்கா வாங்கிட்டு வரச் சொன்னா."

அந்தச் சட்டி நானும் செல்வியும் சேர்ந்து வாங்கியது. என் வீட்டில் இருக்கிறது. அதை இவள் வந்து கேட்கிறாள். செல்விக்கு நாலு எட்டு வைத்து வர முடியவில்லை.

"சட்டி வேணும் எனக்கு" என்றேன்.

"நாளைக்கு மட்டுந்தான் அத்தை. கழுவித் தந்திருதேன்."

"நாளைக்குத்தான் எனக்கும் வேணும். நானும் மிட்டாய் செய்யப் போறேன்."

சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. சட்டியைக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, வாயில் வந்துவிட்டது. இசக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கை முடியலேன்னியளாமே?"

"இடது கை நல்லாத்தானே இருக்கு."

"அப்ப லைனுக்கு ரெண்டு மிட்டாயா? சரி அத்தை. வாங்குறவியளுக்குக் கொண்டாட்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ரோசிலி சேச்சி வீட்டு வெண்கல உருளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். போகும்போது ஏதோ பாடிக்கொண்டு போனாள்.

மறுநாள் நான் இரண்டு தடவை செய்கிற அளவுக்குக் கடலையும் வெல்லமும் வாங்கினேன். அவர்களைவிட அதிகமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு. என் வீட்டுக்காரர் பிச்சைமணி அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிறு ஒரு நாள் படுப்பார். அவரை எழுப்பி நிற்க வைத்தேன்.

"நான் சட்டியைச் சாய்க்கேன்னு சொல்லும்போது நீங்க தேய்க்கணும்."

"மூட்டை தூக்குதவன்கிட்டப் போயி பூரிக்கட்டையத் தாரியே. சட்டிய நான் சாய்க்கேன், நீ தேயி."

அதுவும் சரிதான் என்று பட்டது. பாகு கொதித்தது. துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் எறிந்தேன். கல் விழுந்த மாதிரி டங்கென்றது. அதே நேரம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் செல்வி வீட்டிலும் ஒரு டங். அப்புறம் இரண்டு பேரும் கொல்லென்று சிரிக்கிற சத்தம். பாகு பதத்துக்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு. நான் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பாகு முறுகிப்போகட்டும், கசக்கட்டும், பல்லில் ஒட்டட்டும் என்று மனசு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏளா, புகை வருது" என்றார் அவர்.

அவசரமாகக் கடலையைக் கொட்டிக் கிளறினேன். அவர் சட்டியைத் தூக்கினார். பலகையைப் பார்த்தேன். வெறும் பலகை. அரிசி மாவு தூவவில்லை. மாவு தூவுவது எப்போதும் செல்வி. நான் கிளறிக்கொண்டிருக்கும்போதே பலகையில் மாவைத் தூவி, கட்டைக்கு நெய் தடவி, கத்தியைத் துடைத்து வைத்துவிடுவாள். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு நினைப்பில் இல்லை. மாவு டப்பா எங்கே என்று தேடி, மூடி திறக்காமல் பல்லால் கடித்து இழுத்து, தூவிவிட்டுத் திரும்பினால் அவர் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒன்றும் விழவில்லை.

"வரமாட்டேங்குது" என்றார்.

உள்ளே எல்லாம் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. சுத்தியலை எடுத்துச் சட்டியின் முதுகில் அடித்தார். டங் டங்கென்று லைன் முழுக்கக் கேட்டது. போதும் என்று கையைப் பிடித்தேன்.

"இது மிட்டாய் இல்ல, அம்மிக்கல்லு. சட்னி அரைக்கலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "செல்விய ஒரு சத்தம் கூப்பிட்டிருந்தா வந்திருப்பால்லா" என்றார். சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

திங்கட்கிழமை சாயா குடிக்கும்போது இசக்கி கேட்டாள். "அத்தை, நேத்து என்ன ஆணி அடிச்சிய?"

"காலண்டர் மாட்டினோம்."

"டிசம்பர்லயா?" என்றாள்.

செல்வி சாயா கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிட்டங்கியில் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். லைனில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கியது. ரோசிலி சேச்சி முற்றத்தில் புல்கூடு, அதான் கிறிஸ்துமஸ் குடில், கட்டி, மாட்டுத் தொழுவத்துப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். செல்வியும் இசக்கியும் மிட்டாய் கொடுக்கக் கிளம்பினார்கள். முன்னெல்லாம் நாங்கள் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்போம். இவர்கள் சின்ன அட்டைப் பெட்டி வாங்கி, சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். யூசுப் இக்காவுக்கு ஒன்று, கிட்டங்கிக் கணக்கருக்கு ஒன்று, லைனில் எல்லாருக்கும். என் வாசலுக்கும் வந்தார்கள். பெட்டியை நீட்டியது இசக்கி. செல்வி அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க அத்தை."

அவர்கள் முன்னாலேயே ஒரு துண்டைக் கடித்தேன். நன்றாக இல்லை என்று சொல்ல நாக்கைத் தயாராக வைத்திருந்தேன். இனிப்பு வந்தது, உப்பு வந்தது, அப்புறம் தொண்டையில் லேசாக ஒரு காரம் ஏறியது. சுக்கு. சுக்கைப் பொடித்துப் பாகில் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்தத் தூசைத்தான் மூச்சாக இழுத்து, துணியில் உதறி, தலையில் சுமந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். மிட்டாயில் போடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக ஆகாதவளுக்குத் தோன்றியிருக்கிறது. நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எப்படி அத்தை?"

"சளி பிடிச்சவியளுக்கு நல்லது" என்றேன்.

இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வியும் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்துப் பல நாள் ஆயிற்று. அதில் எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் அவள் சிரிக்கும்போது கை இசக்கியின் தோளைத்தான் பிடித்திருந்தது.

அப்போதுதான் ரோசிலி சேச்சி முற்றத்திலிருந்து வந்தார். அவருடைய மகளைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வைப்பினில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சாயங்காலம் அங்கே போகிறார். "செல்வியுடெ மிட்டாய் ஒரு பெட்டி போரா. மகள் வீட்டில் ஆள் நிறைய. மாயம்மே, உன்னுடேது எவிடே? அதைத் தா. நான் கொண்டு போகட்டே."

நான் செய்வதாகத்தான் லைன் முழுக்கத் தெரியுமே. இசக்கி சொல்லியிருப்பாள்.

"அது... இன்னும் ஆகல சேச்சி" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை செய்ததா இன்னும் ஆகல?" என்றாள் இசக்கி. கெட்ட எண்ணமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

சேச்சி என்னையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார். "நிங்ஙள் ரெண்டாளும் பிணக்கமா?"

நான் தரையைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்ப்பது தெரிந்தது. சல்லடைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்த அதே பார்வை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பிணக்கமெல்லாம் இல்ல சேச்சி" என்றாள். "சூடா இருந்தாத்தான் நல்லாருக்கும்னு உங்களுக்காகவே இன்னைக்குச் செய்ய வச்சிருக்கா. நீங்க சேலை மாத்திட்டு வாங்க, ஆயிரும்." அப்புறம் என்னைத் தாண்டிக்கொண்டு என் வீட்டுக்குள் போனாள். இசக்கியும் பின்னாலேயே போனாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து சட்டியைச் செல்விதான் இழுத்தாள். வெந்நீரில் பாதி கரைந்து, பாதி கறுப்பாகப் பாறை மாதிரி நின்றது. இசக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானா அந்த ஆணி" என்றாள். செல்வி, "போயி உருளிய எடுத்துட்டு வாட்டி" என்று அவளை அனுப்பினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். அவள் மீதிக் கடலை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

உருளி வந்தது. செல்வி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள். "பாகு நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் பலகைக்குப் போங்க" என்றாள்.

செல்வியும் நானும் நிற்கிற இடத்தில் இசக்கியும் நானும் எதிரெதிரே நின்றோம். இசக்கி இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். சுக்குப் பொடி.

"என் வீட்ல சுக்கு வேண்டாம்" என்றேன்.

"நல்லாருக்குன்னுதானே நீங்களே..."

"நான் சொன்னனா?"

இசக்கி செல்வியைப் பார்த்தாள். நானும் செல்வியைப் பார்த்தேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறிக்கொண்டே இருந்தாள். இசக்கி பொட்டலத்தை மடித்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டங்கென்றது. கடலை விழுந்தது. செல்வி உருளியைப் பலகைக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் இசக்கி மாவு தூவியிருந்தாள். கட்டைக்கு நெய் தடவி என் கையில் வைத்திருந்தாள். நான் தேய்க்கத் தேய்க்க, ஓரங்களைக் கத்தி முதுகால் உள்ளே தள்ளிக்கொண்டே வந்தாள். ஓரம் உடையவில்லை. நான் கட்டையை எடுப்பதற்கும் அவள் கத்தியை வைப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட வீணாகவில்லை. கோடு கோடாக இழுத்தாள், குறுக்கே இழுத்தாள், துண்டு துண்டாகப் பிரிந்தது. நல்ல கை. என் கையைவிட வேகமான கை. அதுவரை அவளுடைய சிரிப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கைக்கு எதிரே நின்றால் வேலை எவ்வளவு லேசாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"அத்தை, கை வலிக்கா?" என்றாள். என் மணிக்கட்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"இல்ல."

ரோசிலி சேச்சி பட்டுச்சேலையில் வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். "நல்லா இருக்கு. இதில் சுக்கு இட்டில்லே?"

இசக்கி இடுப்புப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் செல்வி, "இது மாயம்மா மிட்டாய் சேச்சி. இது இப்படித்தான்" என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, சமாதானமாகச் சொன்னாளா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சேச்சிக்குக் கேக் டப்பா, வைன் பாட்டில், மிட்டாய்ப் பெட்டி, பேரப்பிள்ளைகளுக்குத் துணி என்று நிறையச் சாமான். ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் படகில் ஏற்றிவிட ஆள் வேண்டும். இசக்கி தம்பிக்குச் சோறு வைக்கப் போய்விட்டாள். நானும் செல்வியும் ஆட்டோவில் போனோம். ஜங்காரில் ஸ்கூட்டரும் காருமாக இடித்துக்கொண்டு ஏறின. சேச்சி கூட்டத்துக்குள் நின்று கை காட்டினார். படகு நகர்ந்ததும் நாங்கள் கல்வத்தி வழியாக நடந்தே திரும்பினோம். வெயில் தாழ்ந்திருந்தது. கடைகளில் நட்சத்திரங்களுக்கு விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடக்கிறோம்.

"என்னட்டி பேசாம வாரே?"

"என்னத்தப் பேச."

"கேக்கணும்னு இருக்கதைக் கேளு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையாத."

கேட்டேன். "அவகிட்ட அப்படி என்ன இருக்கு?"

"இசக்கிகிட்டயா?" யோசித்தாள். "எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா. பாதி பொய்யி. ஆனா நேரம் போயிரும்."

"எங்கிட்ட நேரம் போகலையோ."

அவள் நின்றுவிட்டாள். "நீ இக்காகிட்டப் போயி பொறுக்குற வேலை கேட்டியே, எங்கிட்டச் சொன்னியா? காலைல வந்து சல்லடைக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எதுக்க ஆளைக் காணோம். திரும்பிப் பாத்தா நீ சாக்க விரிச்சு உக்காந்திருக்க. என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கல. இக்கா யாரோ ஒரு புதுப்பிள்ளையக் கூட்டிட்டு வாராரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"கை வீங்கிப் போச்சு."

"அதை எங்கிட்டச் சொன்னா நான் என்ன, தூக்கியா எறிவேன்?"

"சொன்னா நீ வேற ஆளைத் தேடிக்கிடுவேன்னு நினைச்சேன்."

"நான் தேடல. அவளா வந்துட்டா" என்றாள். "வந்தவளப் போன்னு சொல்ல முடியுமா? அதுவும் நல்லா இழுக்குதா."

கொஞ்ச தூரம் நடந்தோம். மீன் லாரி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே எங்களைக் கடந்து போயிற்று. நடக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. காலையில் இசக்கி இழுக்கட்டும், சாயாவுக்குப் பிறகு நான் இழுக்கிறேன். இக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கை இப்போது பரவாயில்லை என்று செல்வியிடம் சொல்லிவிடலாம். ஆனால் பரவாயில்லை என்பது பொய். பூரிக்கட்டை பிடித்ததற்கே விரல்வரை வலி இறங்கியிருந்தது. அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

"ஏட்டி செல்வி" என்றேன்.

அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "இசக்கி" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, செல்வி நடுரோட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு கையைத் தூக்கி என்னைக் கொஞ்சம் இரு என்று காட்டினாள்.

நான் ஒரு பூட்டின கடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். அவள் பேசி முடிக்கட்டும், சொல்லலாம் என்று. முடிகிற மாதிரித் தெரியவில்லை. வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.